வாளி நிறைகிற சத்தம்

"கார்த்திகை முதல் வெள்ளி, காலை. லேசான தூறல். பிள்ளையார்பாளையம், ஏகாம்பரம் வீடு. ஹீட்டர். உயிர்ச்சேதம் இல்லை. மற்றதைப் பிறகு எழுத வேண்டும். இப்போது எழுத்து கோணுகிறது."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமாக நான் பக்கத்தை நிரப்புகிறவன். தாமல் ஏரி வழிந்த நாள், நான் வேலை பார்த்த வளாகத்தில் டிரான்ஸ்பார்மர் புகைந்த நாள் எல்லாவற்றையும் கிழமை, வானிலை, யார் நேரில் பார்த்தார்கள், யார் காதால் கேட்டார்கள் என்பது வரை குறித்து வைத்திருக்கிறேன். வரலாற்றுப் புத்தகங்களை நிறையப் படித்ததால் வந்த பழக்கம். சாட்சி யார் என்று தெரியாத செய்தியை நம்புவதில்லை. ஆனால் அன்றைக்கு நானே சாட்சியாக இருந்தும் எழுத முடியவில்லை. "பிறகு" என்று எழுதியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

மின்வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி வளாகத்தில் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உயர் அழுத்தக் கம்பி, மோட்டார் அறை என்று பார்த்திருக்கிறேன். அவை எதுவும் என்னை இப்படி உலுக்கவில்லை. உலுக்கியது ஒரு வீட்டுக் குளியலறைக் குழாய்.

அதற்கு முன் வளாகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விடுதிச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவர் அலுமினிய ஏணியைத் தோளில் சாய்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கம்பி போகிறது. என் பக்கத்தில் நின்ற சக ஊழியர் "யோவ், கம்பி! கம்பி!" என்று அலறினார். அலறல் கேட்ட மனிதர் என்ன செய்வார்? யார் கூப்பிடுவது என்று திரும்பினார். ஏணியும் அவரோடு திரும்பியது. கம்பிக்கும் ஏணிக்கும் இடையில் ஒரு காக்கை உட்காரும் இடம்தான் மிச்சம். அப்போது எங்கள் ஃபோர்மேன் நிதானமாக நடந்துபோய், "அப்படியே நில்லு தலைவரே, உனக்குத்தான் டீ எடுத்துக்கினு வந்துக்கினு இருக்காங்க," என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அசையாமல் நின்றார். ஃபோர்மேன் ஏணியின் அடியைப் பிடித்து, மெல்லப் பின்னால் சாய்த்தார்.

பிறகு அலறியவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கத்தறதுக்கு முன்னாடி, அதக் கேக்கறவன் கை எங்க போவும்னு ஒரு நிமிசம் யோசிய்யா. பயத்துல இருக்கறவன் மூளை வேல செய்யாது. கைதான் வேல செய்யும்."

ஃபோர்மேன் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பதால் எழுதவில்லை. இனி கார்த்திகை வெள்ளிக்கு வருகிறேன்.

ஏகாம்பரம் பட்டு நெசவு செய்கிறவர். என்னைவிட இளையவர், காலை நடையில் பழக்கம். தறியிலும் சரி, வீட்டிலும் சரி, எதையும் தானே பிரித்துத் தானே பூட்டிப் பார்க்கிற கை. மிக்சி, சைக்கிள், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் கையில் ஒருமுறையாவது பிரிந்திருக்கும். அவருடைய மகள் செல்வி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. அந்த வெள்ளிக்கிழமை தீட்டுக் கழிக்கிற நாள். தாய்க்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். முந்தைய நாள் பார்த்துப் பழைய ஹீட்டர் ஓட்டையாகிவிட்டது.

மாப்பிள்ளை போனிலேயே புதிய ஹீட்டர் வாங்கி அனுப்பிவிட்டார். மாட்டித் தருகிறவர் திங்கட்கிழமை வருவார் என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் யார் காத்திருப்பது? ஏகாம்பரம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

காலையில் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, ஹீட்டர மாட்டிட்டேன். தண்ணி ஒழுகல, ஒண்ணும் ஒழுகல. ஆனா கரண்ட்டுதான் வரல. ஹீட்டர்ல இருக்கற லைட்டே எரிய மாட்டேங்குது. டெஸ்டர எடுத்துக்கினு ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

கரண்ட் வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். காபியைக் குடித்து முடித்தேன். வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

நான் போவதற்குள் ஏகாம்பரத்துக்குப் பொறுமை இல்லை. சுவிட்ச்தான் கெட்டிருக்கும் என்று அவரே முடிவு செய்து, மெயினை நிறுத்தி, குளியலறைக்கு வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதில் வந்த இரண்டு கம்பிகளையும் நேரடியாக ஒன்றோடொன்று முறுக்கினார். பிறகு மெயினைப் போட்டார். அதற்குள் செல்வி அடுப்பில் காய்ச்சிய வெந்நீரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். வெளியிலிருந்து கேட்டிருக்கிறார்: "செல்வி, மேல ஹீட்டர்ல லைட்டு எரியுதா பாரும்மா."

"எரியலப்பா."

"சரி, நீ குளி. அண்ணன் வந்து பாப்பாரு."

நான் நுழைந்தபோது வீடே விசேஷக் களையில் இருந்தது. முன்கூடம் முழுக்கத் தறி. அதில் முகூர்த்தச் சேலைக்கான பாவு, நீளவாட்டுப் பட்டு இழைகள், இழுத்துக் கட்டியிருந்தது. பிள்ளை தூளியில் தூங்கியது. ஏகாம்பரத்தின் மனைவி காமாட்சி பின்கட்டில் குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணா. இந்தக் குழாயப் பாருங்களேன், தொட்டா சுருக்குனு கடிக்குது," என்றார்.

"கடிக்கறதுக்கு அது இன்னா உங்க அண்ணனா?" என்றார் ஏகாம்பரம். காமாட்சி ஈரத்துணியை அவர் மேல் உதறினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காமாட்சியின் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. பின்கட்டுக் குழாயைப் பார்த்தேன். அது குளியலறைச் சுவருக்குள்ளிருந்து வெளியே வரும் பழைய இரும்புக் குழாய். டெஸ்டரின் முனையை அதன் மேல் வைத்தேன். வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்று இன்னொரு கையால் மறைக்கப் போனேன். மறைக்கத் தேவையே இருக்கவில்லை. டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. வீட்டுக் கம்பியில் என்ன இருக்குமோ அது முழுதாகக் குழாயில் இருந்தது.

"செல்வி எங்க?" என்றேன்.

"உள்ள குளிக்கறா."

அந்த வீட்டில் தொட்டியிலிருந்து வருவது பிளாஸ்டிக் குழாய். குளியலறைச் சுவருக்குள் மட்டும் இரும்பு. ஆகவே கம்பியிலிருந்து குழாய்க்கு ஏறிய மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழி இல்லை. இறங்கியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். கசிவு ஏற்பட்டால் தானாக விழுகிற டிரிப்பர் எங்கே என்று பின்னால் கேட்டேன். "மழைக்காலத்துல அது சும்மா சும்மா வுழுந்துக்கினு இருந்துச்சுண்ணா, எடுத்துட்டேன்," என்றார். ஆகமொத்தம், ஈரத் தரையில் வெறுங்காலோடு யாராவது தொடட்டும் என்று அந்தக் குழாய் காத்துக்கொண்டிருந்தது.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காமாட்சி முன்பே, ஏகாம்பரம் மெயினைப் போடுவதற்கு முன்பே, வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. செல்வி இன்னும் குழாயைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எங்களுக்கு வேறு சத்தம் கேட்டிருக்கும்.

வாளி நிறையும்போது சத்தம் மாறுமே, கவனித்திருக்கிறீர்களா? முதலில் அடியில் அறைகிற சத்தம். பாதிக்கு மேல் களகளவென்று. நிறையப் போகும்போது மெலிந்து, கூர்மையாக ஏறும். நான் கதவருகே போனபோது அது ஏறிக்கொண்டிருந்தது. நிறைந்தால் அவள் என்ன செய்வாள்? எல்லோரும் செய்வதைத்தான் செய்வாள். கையை நீட்டிக் குழாயை மூடுவாள்.

காமாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது. "செல்வி! வெளிய..." என்று வாயெடுத்தார். நான் அவர் முன்னால் கையை ஆட்டி, கூடாது என்று தடுத்தேன். வெளியே வா என்று கூப்பிட்டால் செல்வி எழுந்து முதலில் குழாயைத்தான் மூடுவாள். குழாயைத் தொடாதே என்று கத்தினால், எந்தக் குழாய், ஏன் என்று அதை நோக்கித்தான் அவள் கை போகும். ஏணிக்காரர் ஞாபகம் வந்தது. ஃபோர்மேன் ஞாபகம் வந்தது.

ஏகாம்பரத்திடம் "மெயின்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஓடினார்.

காமாட்சியின் காதருகே சொன்னேன்: "தலைய தேய்க்கச் சொல்லும்மா. ரெண்டு கையாலயும். வேற ஒண்ணும் சொல்லாத."

அந்த அம்மாள் சேலை முந்தானையை வாயில் வைத்து ஒருமுறை கடித்துக்கொண்டார். பிறகு பேசிய குரல் தினமும் மகளைத் திட்டுகிற அதே குரல். எப்படி அந்தக் குரல் அவருக்கு வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"செல்வி, சீயக்கா போட்டியா?"

"போட்டேன்மா."

"நல்லா தேய்டி. எண்ண அப்படியே நிக்கும். ரெண்டு கையாலயும் தேய்."

"தேய்ச்சிக்கினுதான் இருக்கேன். கண்ணு எரியுது."

"எரிஞ்சா மூடிக்க. தேய்க்கறத வுடாத."

முன்கூடத்திலிருந்து மெயின் விழும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மெயின் சுவிட்ச் தறிக்கு அந்தப் பக்கச் சுவரில். தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் போக வேண்டும். ஏகாம்பரம் மெயினைப் போட்டுவிட்டு வந்த பிறகு, நான் வரப்போகிறேன் என்று கூடத்தை ஒழித்த காமாட்சி, புதிய ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் அந்தச் சந்தில்தான் அடைத்து வைத்திருந்தார். ஏகாம்பரம் பெட்டியை இழுத்தார். அது தறிக்காலில் மாட்டிக்கொண்டது.

உள்ளே வாளியின் சத்தம் நின்றது. தண்ணீர் தரையில் வழிகிற சத்தம் கேட்டது.

"யம்மா, வாளி நெறஞ்சி வழியுது. இரு, மூடிட்டு..."

"வழியட்டும்!" என்றார் காமாட்சி.

"வழியட்டுமா? தண்ணிய கொட்டாத, தண்ணிய கொட்டாதன்னு காலையிலேந்து என்ன திட்டினது யாரு?"

"நாந்தான் திட்டினேன், இப்ப நாந்தான் சொல்றேன்! நல்ல நாளு. வழியட்டும். தலைய தேய்!"

"உனக்கு இன்னாம்மா ஆச்சு இன்னைக்கு?"

ஏகாம்பரம் பெட்டியை விட்டுவிட்டார். தறியைப் பார்த்தார். நெசவாளி வீட்டில் இழுத்துக் கட்டிய பாவின் மேல் கால் படக் கூடாது. பிள்ளை தவழ்ந்து போனால்கூடத் தூக்கிவிடுவார்கள். அவர் அந்தப் பாவின் மேலேயே ஏறினார். முழங்காலால், கையால், உடம்பால். பட்டு இழைகள் கொத்துக் கொத்தாக அறுகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பக்கம் போய் விழுந்து மெயினை இழுத்தார்.

இரும்புக் கைப்பிடி தடாலென்று இறங்கியது. மின்விசிறி தொய்ந்தது. குளியலறைக்குள் பல்பு அணைந்தது.

"யம்மா, கரண்ட்டு போச்சு!"

அடுத்து, கிறீச் என்று குழாய் திருகும் சத்தம். தண்ணீர் நின்றது.

காமாட்சி அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது. உள்ளேயிருந்து செல்வி, "அழுவறான் பாரு, தூக்கேன்மா, இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று சத்தம் போட்டாள். நான்தான் போய்த் தூளியை ஆட்டினேன்.

அவள் குளித்து முடித்து வெளியே வந்த பிறகு, மெயினைப் போடாமலே, ஹீட்டருக்குப் பக்கத்தில் சுவரிலிருந்த கம்பி இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். சுவரிலிருந்து வந்த பழைய கம்பிகள் மூன்று: சிவப்பு, கறுப்பு, பச்சை. புதிய ஹீட்டரின் கம்பிகள் மூன்று: பழுப்பு, நீலம், மஞ்சள் கோடு போட்ட பச்சை. ஆறையும் மூன்றாக இணைத்திருந்தார் ஏகாம்பரம். என்ன இணைப்பு! பழைய பாவின் முனையோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைக்கிற அதே முறுக்கு. கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசு. இத்தனை வருடத்தில் அவ்வளவு அழகான தப்பை நான் பார்த்ததில்லை.

"எத வெச்சி சேத்தீங்க?" என்று கேட்டேன்.

"கலர வெச்சிதாண்ணா. பழுப்பு அரக்குச் சாதி, செவப்போட சேரும். நீலம் கறுப்போட சேரும். பச்சைக்குப் பச்சை. எங்க தொழில்ல கலரு பொய் சொல்லாதுண்ணா."

அந்தச் சுவரில் பச்சை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். எந்தக் காலத்திலோ, சுவிட்சுக்குப் போய்ப் போர்டுக்குத் திரும்பி அங்கிருந்து ஹீட்டருக்குப் போகிற சிவப்புக் கம்பி, சுவருக்குள் கம்பி ஓடுகிற பைப்பில் எரிந்துபோயிருக்கிறது. வேலைக்கு வந்த யாரோ ஒருவர் புதுக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, சிவப்பை வெட்டி விட்டுவிட்டு, எர்த்துக்கு இருந்த பச்சையில் கரண்ட் வரும் ஃபேஸைக் கொடுத்திருக்கிறார். அதாவது, இந்தக் குடும்பம் இத்தனை காலமும் எர்த்தே இல்லாத ஹீட்டருக்கு அடியில் குளித்திருக்கிறது. இப்போது ஏகாம்பரம் பச்சையைப் பச்சையோடு சேர்த்ததும், ஃபேஸ் நேராக ஹீட்டரின் உடம்புக்குப் போய், உடம்பிலிருந்து குழாய்க்குப் போய்விட்டது. உள்ளே தண்ணீரைச் சுட வைக்கிற சுருளுக்கு ஒன்றும் போகவில்லை. அதனால்தான் விளக்கு எரியவில்லை. "கரண்ட்டுதான் வரல" என்று அவர் சொன்னபோது வீட்டின் மொத்தக் கரண்டும் அந்தக் குழாயில் வந்து நின்றுகொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் ஏகாம்பரம் வாசலுக்குப் போய், தூறலில் நின்றார்.

அந்தப் போர்டில் இன்னொன்றும் இருந்தது. தூசியைத் துடைத்தபோது, பச்சைக் கம்பியின் முனைக்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது. ஒரு துண்டுப் பட்டு நூல். சிவப்பு. இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அதைக் கட்டியவர் பார்க்கிறவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்: இது பச்சை இல்லை, சிவப்பு. கையில் சிவப்பு டேப் இல்லை போலிருக்கிறது. நெசவாளி வீட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டியிருக்கிறார்.

பட்டு நெய்கிற வீட்டில் சிவப்பு நூல் துண்டு எதைத்தான் சொல்லும்? தலையணையில் இருக்கும், சீப்பில் இருக்கும், சோற்றில்கூட வரும். அதை யாரும் பார்ப்பதில்லை, பிய்த்துப் போடுவார்கள். ஆகவே உங்களுக்கு என் வேண்டுகோள்: போகிற வீட்டில் குப்பையாகக் கிடக்கிற பொருளால் அடையாளம் வைக்காதீர்கள். அதைவிட, அடையாளம் தேவைப்படுகிற வேலையையே செய்யாதீர்கள். இன்னொருவர் இழுத்த கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், எரியாத விளக்கை நம்பாதீர்கள். வாசலில் யாராவது "குழாய் கடிக்குது" என்று சிரித்தால் நீங்கள் சிரிக்காதீர்கள்.

அன்று மதியத்துக்குள் புதுக் கம்பி இழுத்து, எர்த் போட்டு, டிரிப்பரை மாட்டினோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து சாப்பிட்டுப் போனார்கள். தறியின் மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. அவர்கள் கேட்டதற்கு, "பெட்டி சரிஞ்சி வுழுந்துடுச்சு," என்றார் காமாட்சி. செல்விக்கு நடந்தது என்னவென்று சாயங்காலம்தான் சொன்னோம். அவள் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் போனபோது ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்து அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கம்பியைப் பிணைத்த அதே விரல்கள், அதே முறுக்கு. அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. போர்டு முனையில் நூல் கட்டிய மனிதர், குளியலறை முனையிலும் கட்டியிருந்தாரா? கட்டியிருந்தால் அவரால் முடிந்த அளவு எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டவில்லை என்றால் அந்தச் சுவருக்குள் சாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய ஹீட்டரைப் பிரிக்கும்போது ஏகாம்பரம், நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுப்பதுபோல, எது எதோடு சேர்ந்திருந்தது என்று பார்க்காமலே மூன்று கம்பிகளையும் ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறார். வெட்டிய வாலோடு அந்த ஹீட்டர் வெள்ளிக்கிழமை காலையே காயலான் கடைக்குப் போய்விட்டது. நானும் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். செம்புக் கம்பியைத் தனியாக உரித்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

"சுவத்துப் பக்கம், அந்தப் பச்சைக் கம்பில நூல் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டேன்.

பிணைத்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"ஒண்ணு இருந்துச்சுண்ணா. ஒட்டிக்கினு இருந்துச்சு. பிச்சிப் போட்டேன்."

"என்ன கலர்?"

நூறு இழைக்கு நடுவில் அரை நிழல் மாறிய ஓர் இழையைக் கண்டுபிடிக்கிற மனிதர், தறியின் மேல் கையை வைத்தபடி, வெகுநேரம் யோசித்தார். "தெரியலண்ணா. பாக்கலியே."

குளியலறை முனையில் இருந்த நூல் சிவப்புதானா, கட்டியதா, தானாக ஒட்டியதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.